சுங்குடிப் புள்ளிகளுடன் ஒரு பாதசாரிகள் கடவை: அமைத்துத் தந்த குழுவின் பணி குறித்து ஒரு மதிப்புரை

மதுரையில் வைகைக்கு வடக்கே உள்ள எங்கள் குடியிருப்புப் பகுதியில், தொடக்கப்பள்ளி வாசலில் அலங்காரப் பாதசாரிகள் கடவை ஒன்று அமைக்கப்பட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோரும் சேர்ந்து பணம் திரட்டினோம். மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, சாலை ஓவியம் செய்யும் சிறிய குழு ஒன்றிடம் பணியை ஒப்படைத்தோம். அக்குழுவினரின் ஓவியத் திறமை நன்று. அதைவிட நன்று, பெயிண்ட் வாளியைத் திறப்பதற்கு முன்பு அவர்கள் பொறுமையாகச் செய்த சோதனைகள். நாங்கள் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அந்தச் சோதனைகளுக்கே உரியது என்று நான் கருதுவதால், இம்மதிப்புரையும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

பணி தொடங்கும்போது அங்கே பழைய ஜீப்ரா கோடுகளின் தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. காலையில் பள்ளி திறக்கும் நேரத்தில் ஷேர் ஆட்டோக்களும் மினி பஸ்களும் இருசக்கர வாகனங்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும் சாலை அது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வண்டிகளுக்கு நேரே நீட்டியபடி கடப்பதே எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. சங்கக் கூட்டத்தில் பேசிய பலரும் சாலை முழுவதையும் வண்ணமயமான ஓவியமாக்கிவிட வேண்டும் என்றே விரும்பினர். குழுவினர் முதல் சந்திப்பிலேயே அதை மறுத்தனர். சாலைக் குறியீடுகளுக்கு இந்தியச் சாலைகள் பேரவை வகுத்துள்ள ஐஆர்சி 35 என்னும் விதித்தொகுப்பைக் காட்டி, அரை மீட்டர் அகல வெள்ளைப் பட்டைகளும் அவற்றுக்கிடையே அதே அளவு இடைவெளியும் இருந்தால்தான் ஓட்டுநரின் கண்ணுக்கு அது கடவை என்று விளக்கினர். சமிக்ஞை விளக்கு இல்லாத கடவையில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வெள்ளைப் பட்டைகளை ஓவியத்துக்குள் கரைத்துவிட்டால், நடப்பவருக்குச் சட்டம் தந்த அந்த உரிமையும் ஐயத்துக்கு இடமாகிவிடும். கலை பட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கலாம், பட்டைகளின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்களின் முதல் நிபந்தனை. வாடிக்கையாளரின் ஆசைக்கு எதிராக இதைச் சொல்லத் துணிந்த குழுவிடம் எனக்கு அன்றே நம்பிக்கை பிறந்தது.

முதல் வடிவம் சிக்குக் கோலம். கடவையின் இரு பக்கமும், பட்டைகளின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு நெளிக் கோடுகள் ஓடுவதாக வரைந்திருந்தனர். தாளில் மிக அழகாக இருந்தது. அதை நேரே சாலையில் பூசிவிடாமல், விடுமுறை நாள் ஒன்றின் அதிகாலையில் கோலமாவினால் முழு அளவில் போட்டுப் பார்த்தனர். அன்று நாங்கள் பார்த்தது எவருமே எதிர்பாராதது. வயதில் மூத்த பெண்கள் பலரும் கடவைக்கு வந்து, சற்று நின்று, கோலத்தைச் சுற்றிக்கொண்டு சாலையின் வேறு இடத்தில் கடந்தார்கள். ஒரு பாட்டி, “இம்புட்டு அழகாப் போட்ட கோலத்தை மிதிச்சுட்டு எப்படிப்பா போறது?” என்று குழுவில் இருந்த இளைஞரிடம் கேட்டார். மார்கழியில் தெருவடைத்துப் போட்ட கோலத்தை ஓரமாக ஒதுங்கிக் கடந்தே பழகிய கால்கள் அவை. நடப்பவரை ஓரிடத்துக்கு அழைக்க வேண்டிய வடிவம், அவரை அந்த இடத்திலிருந்தே விலக்கிவிட்டது. பாண்டியர் சின்னமான மீனை வரையலாம் என்று வேறு சிலர் சொன்னபோதும் இதே காரணத்தால் குழுவினர் தயங்கினர். மீனாட்சியின் ஊரில் மீனைக் காலடியில் வைப்பது பலர் மனத்தை வருத்தும். இந்த இரண்டு முடிவுகளும் கணினித் திரையின் முன் அமர்ந்து எடுக்கக்கூடியவை அல்ல.

இறுதியில் தேர்ந்தது சுங்குடி. மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைத்திறனால் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற இத்துணியில், சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பின்பு முடிச்சுகளை அவிழ்க்கும்போது வண்ணத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. துணியாக உடுத்திப் பழகிய அந்த வடிவத்தைக் காலால் மிதிக்க எவரும் தயங்கவில்லை. நடுவில் கறுப்புச் சாலையின் மேல் வெறும் வெள்ளைப் பட்டைகள். அவற்றின் இருபுறமும், சேலையின் இரு கரைகளைப் போல, காவிச் சிவப்பில் வெண்புள்ளிகள் இட்ட பட்டைகள். நடைமேடையில் மக்கள் காத்து நிற்கும் இடத்தில் அதே புள்ளிகள் சற்றுப் பெரிதாக. வேறு அலங்காரம் இல்லை. மூலை ஒன்றில் மட்டும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டதற்காக மஞ்சளில் சில புள்ளிகளைச் சேர்த்தனர்.

காவியைத் தேர்ந்ததற்கு அழகைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. காவியின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. மதுரை வெயிலில் அவ்வளவு எளிதில் வெளுக்காத கனிம நிறமி அது. பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் தரும் கரிம நிறமிகளில் பல, புறஊதாக் கதிர்களால் சிதைந்து விரைவில் மங்கிவிடும். கோயில் மதில்களிலும் கோலத்தின் ஓரங்களிலும் தலைமுறை தலைமுறையாக நாம் பூசிவரும் நிறமே சாலைக்கும் ஏற்றதாக இருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

இப்பணியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, ஓட்டுநரின் கண்ணிலிருந்து வடிவத்தைச் சோதித்தது. மேலிருந்து எடுத்த படத்தில் தெரியும் கடவையும், வண்டி ஓட்டுபவர் காணும் கடவையும் ஒன்றல்ல. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்பதற்கு 45 மீட்டர் தேவை என்பது சாலைப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே அந்த 45 மீட்டர் தொலைவிலேயே அது கடவை என்று தெரிந்தாக வேண்டும். காரில் அமர்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால், மூன்று மீட்டர் அகலமுள்ள கடவை முழுவதும், அதே தொலைவில் செங்குத்தாக நிறுத்திய ஏழரை சென்டிமீட்டர் பலகையின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 2.2 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அது பதினான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. சாலையில் எழுதும் எழுத்துகளை ஓட்டுநரை நோக்கி நீட்டி எழுதுவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கின்படி, வட்டமாக இடும் புள்ளி ஓட்டுநருக்கு ஒரு கீற்றாகவே தெரியும். எனவே கரையில் உள்ள புள்ளிகளை வண்டி வரும் திசையில் நீண்ட நீள்வட்டங்களாக வரைந்தனர். மேலிருந்து பார்ப்பவருக்கு அவை சற்று இழுத்துவிட்டதுபோல் தோன்றும். இருக்கையில் அமர்ந்து வருபவருக்குத்தான் அவை சுங்குடிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. கோலமாவு மாதிரியை மீண்டும் போட்டு, இருசக்கர வாகனம், ஆட்டோ, மினி பஸ் ஆகியவற்றின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தனித்தனியே படம் எடுத்து, அப்படங்களை எங்களிடம் காட்டி, அதன் பிறகே அளவை முடிவு செய்தனர். பெயிண்ட் அடிப்பவர்கள் மதுரையில் பலர் இருக்கிறார்கள். இந்த அளவுக்குச் சிந்திப்பவர்கள் குறைவு.

முப்பரிமாணத் தோற்றம் தரும் கடவையை வேண்டியவர்களும் எங்கள் சங்கத்தில் இருந்தனர். பட்டைகள் தரையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் தோன்றும் அவ்வகை ஓவியம் 2016-இல் அகமதாபாத்திலும், 2017-இல் ஐஸ்லாந்தின் சிற்றூர் ஒன்றிலும் வரையப்பட்டுப் பெரிதும் பேசப்பட்டது. அந்த மாயத்தோற்றம் ஒரு குறிப்பிட்ட கோணத்திலிருந்து மட்டுமே முழுமையாகத் தெரியும். நாள்தோறும் அவ்வழியே வருபவர் விரைவில் அதற்குப் பழகிவிடுவார். புதிதாக வருபவரோ தடையென்று அஞ்சித் திடீரெனப் பிரேக் போடக்கூடும் என்று குழுவினர் விளக்கினர். எனக்கு அது சரியாகவே பட்டது. அவர்கள் முன்மாதிரியாகக் காட்டியது, 1975 முதல் கராகஸ் நகரின் கடவைகளில் வண்ணக் கோடுகளை அமைத்த வெனிசுலா ஓவியர் கார்லோஸ் குரூஸ் டியெஸின் படைப்புகளை. நடப்பவர் நகர நகர, கோடுகள் தரும் வண்ணத் தோற்றமும் மாறும்படி அவர் செய்திருந்தார்.

அடுத்து வழுக்கும் தன்மை. சாலையின் ஓரத்தில், வாகனம் அதிகம் ஏறாத இடத்தில், மூன்று வகைப் பூச்சுகளை அருகருகே சிறு பட்டைகளாக இட்டு வைத்தனர். ஒன்று, சாதாரணச் சாலை பெயிண்ட். அடுத்தது, சூட்டில் உருக்கி இடும் தெர்மோபிளாஸ்டிக். மூன்றாவது, கடினமாக்கும் தூளைக் கலந்தவுடன் தானே இறுகும் இருகூறுக் குளிர் பிளாஸ்டிக். பல நாள் புழுதியும் டயர் கரியும் படியவிட்டு, அதன் மேல் தண்ணீர் ஊற்றி, ரப்பர்த் துண்டு பொருத்திய ஊசல் கருவியால் உராய்வை அளந்தனர். ஊசல் ஆடிவந்து ஈரத் தரையை உரசிச் செல்லும்போது எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதை அக்கருவி எண்ணாகக் காட்டும். 45-க்குக் குறைந்தால் சாலைக்கு ஏற்றதல்ல என்பது பொதுவான அளவுகோல். சாதாரண பெயிண்ட் புழுதியோடு ஈரமானபோது கையால் தொட்டாலே வழவழத்தது. குளிர் பிளாஸ்டிக்கின் மேல், அது இறுகுவதற்கு முன், கூர்மையான குவார்ட்ஸ் மணலைத் தூவிய பட்டையே எல்லாவற்றிலும் நன்றாகப் பிடித்தது. ஐப்பசி அடைமழையைவிட, நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் தூறல்தான் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு ஆபத்தானது என்பதை நம் ஊரில் எல்லோரும் அறிவர். அந்த நிலையை வேண்டுமென்றே உருவாக்கிச் சோதித்ததற்காக இக்குழுவைப் பாராட்ட வேண்டும்.

முடிவில் வெள்ளைப் பட்டைகளுக்குத் தெர்மோபிளாஸ்டிக்கும், கரைகளுக்கு மணல் தூவிய குளிர் பிளாஸ்டிக்கும் பயன்படுத்தப்பட்டன. தெர்மோபிளாஸ்டிக்கை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் இட்டு, ஆறுவதற்குள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம் கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். இரவில் வண்டி விளக்கின் ஒளி அம்மணிகளுக்குள் புகுந்து, வந்த திசையிலேயே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது. குளிர் பிளாஸ்டிக்குக்கு வெயிலே எதிரி. தரை சூடாக இருந்தால் கலவை பரப்பி முடிப்பதற்குள் வாளியிலேயே இறுகிவிடும். ஆகவே அவ்வேலை முழுவதையும் விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்தினர். கலவையின் நெடி கடுமையானது என்பதால் பள்ளி விடுமுறை நாள்களையே தேர்ந்தனர். இதை எங்களிடம் முன்கூட்டியே தெரிவித்து, அக்கம்பக்க வீடுகளுக்கும் நேரில் சென்று சொன்னது நல்ல பண்பு.

வெயிலைப் பற்றிப் பேசும்போது வெறுங்காலோடு நடப்பவர்களையும் சொல்ல வேண்டும். கோயில் பிரகாரங்களில் பக்தர்களின் பாதம் சுடாதிருக்க வெள்ளைப் பூச்சுப் பாதை இடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சித்திரைத் திருவிழாக் காலத்தில் எங்கள் பகுதி வழியாகவும் வெறுங்காலோடு நிறையப் பேர் நடந்து போகிறார்கள். வெள்ளைப் பட்டைகள் கறுப்புத் தாரைவிடக் குறைவாகவே சுட்டன. காவிக் கரையோ உச்சிவெயிலில் தாருக்கு இணையாகவே சுட்டது. நடக்கும் பாதை முழுவதையும் காவியால் நிரப்பாமல் விட்டது எவ்வளவு சரியான முடிவு என்பதைக் கோடையில் அங்கே கால்வைத்தவர் உணர்வர்.

பார்வைக் குறைபாடு உடையவர்களை அழைத்து வந்து நடக்கச் சொன்னது இன்னொரு முக்கியமான சோதனை. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தந்த ஊரில், கண்ணைப் பற்றிய அக்கறை சாலையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தில் 2021-இல் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள், வண்ணக் கடவைகள் தங்களுக்குக் குழப்பத்தையும் அச்சத்தையும் தருகின்றன என்று லண்டன் மேயருக்கு எழுதின. அதன்பின் அந்நகரப் போக்குவரத்து அமைப்பு புதிய வண்ணக் கடவைகளை நிறுத்திவைத்தது. எங்கள் கடவையிலும் அக்குறை தலைகாட்டியது. நடைமேடையில் இட்ட பெரிய புள்ளிகளை, கண்புரை உள்ள முதியவர் ஒருவர் குழி என்று எண்ணிக் காலைப் பின்னிழுத்தார். உடனே அப்புள்ளிகளின் அளவைக் குறைத்து, நடக்கும் தடத்தை ஒட்டிய இரண்டடியை ஒரே நிறத்தில் விட்டனர். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்காக, எல்லாப் படங்களையும் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்து, நிறம் இல்லாமலேயே வடிவம் தெரிகிறதா என்றும் சரிபார்த்தனர்.

இனி குறைகள். இரவுச் சோதனை போதுமானதாக இல்லை. அவர்கள் சோதித்த இரவில் தெருவிளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒரு விளக்கு அணைந்தாலும் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. வெள்ளைப் பட்டைகள் வண்டி விளக்கில் நன்றாகவே ஒளிர்கின்றன. காவிக் கரை இருட்டில் சாலையோடு கலந்து மறைந்துவிடுகிறது. கரையின் வெண்புள்ளிகளிலாவது கண்ணாடி மணிகளைத் தூவியிருந்தால் இரவிலும் அழகு கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்காகச் சேர்த்த மஞ்சள் புள்ளிகள் வெளுத்துவிட்டன. காவி விஷயத்தில் காட்டிய கவனத்தை அந்தச் சிறு பகுதியிலும் காட்டியிருக்கலாம். பராமரிப்பு பற்றிய எழுத்துமூல உறுதி இல்லை என்பதே எல்லாவற்றிலும் பெரிய குறை. டயர் கரியை எதைக்கொண்டு கழுவுவது, தேய்ந்த இடத்தை யார், எப்போது, என்ன விலைக்குத் திருத்துவது என்பதையெல்லாம் நாங்களே கேட்டுக் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தால் மரியாதையாகப் பேசுகிறார்கள். நேரில் வருவதற்குத்தான் தாமதம்.

குழுவின் கையில் இல்லாத குறையும் ஒன்று உண்டு. கடவையின் ஒரு முனை, கழிவுநீர்க் கால்வாயை மூடிய பலகைக் கற்களின் மேல் போய் முடிகிறது. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு இல்லை. பார்வையற்றவர்கள் காலாலோ கோலாலோ தொட்டு வழி அறியும் கற்களும் இல்லை. கடவையையே நடைமேடையின் உயரத்துக்கு மேடாக அமைப்பது, வேகத்தைக் குறைப்பதற்கு எந்தப் பூச்சையும்விட வலிமையான வழி. அதையும் குழுவினர் தம் முதல் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கோரிக்கை மனு இன்னும் எங்கள் சங்கத்தின் கோப்பில் உயிரோடு இருக்கிறது. நான் அதை விடப்போவதில்லை.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: பள்ளி நேரத்தில் ஷேர் ஆட்டோக்களும் மினி பஸ்களும் முன்பைவிடத் தள்ளியே வேகம் குறைக்கின்றன, சிதறிக் கடந்த மக்கள் இப்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் கடக்கிறார்கள். இரவில் இருசக்கர வாகனங்களிடம் அந்த மாற்றத்தை நான் காணவில்லை. அமெரிக்காவில் புளூம்பெர்க் அறக்கட்டளையின் ஆதரவில் 2022-இல் வெளியான ஆய்வு, தரை ஓவியம் இடப்பட்ட 17 இடங்களின் விபத்து விவரங்களை ஒப்பிட்டு, நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் சிக்கிய விபத்துகள் 50 சதவீதம் குறைந்திருந்ததாகக் கூறியது. ஓட்டுநர்கள் வழிவிடுவது 27 சதவீதம் கூடியதாகவும் அது பதிவு செய்தது. அந்த எண்களை அப்படியே மதுரைக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்குள்ள சாலை ஒழுங்கு வேறு, வாகனக் கலவை வேறு; ஆய்வுக்கு உள்ளான இடங்களும் குறைவு. எனினும், சரியாக வடிவமைத்த ஓவியம் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடித்துவிடும் என்ற அச்சத்துக்கு அது ஓரளவு பதில் தருகிறது.

வேறு பகுதிகளின் சங்கங்கள் இத்தகைய குழுவை அமர்த்த எண்ணினால், ஓவியத்தின் மாதிரியைக் கேட்பதற்கு முன் சோதனைத் திட்டத்தைக் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த படமும் ஈரத்தில் அளந்த உராய்வு எண்ணும் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டணம் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லப்பட்டாலும், நுணுக்கமான வடிவத்தில் செலவின் பெரும்பங்கு கூலிக்கே போகிறது. எளிய வடிவம் கேட்டால் அது தெளிவாகக் குறையும். சாலை புதிதாகப் போடப்பட்டதாக இருந்தால் சில வாரங்கள் பொறுத்திருங்கள். இல்லாவிட்டால் தாரின் எண்ணெய்ப் பசை மேலேறி வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ உங்கள் தெருவைத் தோண்டும் திட்டம் இருக்கிறதா என்று மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். எங்கள் குழுவினர் அதைத் தாமே விசாரித்து, குழாய் பதித்து முடித்துத் தார் போடும்வரை முன்பணம்கூட வாங்காமல் காத்திருந்தார்கள். தை பிறந்த பின்பு, பனி குறைந்து தரை நன்றாக உலர்ந்திருக்கும் நாள்களில் பணியை வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு உறுதியை மட்டும் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டால், இக்குழுவை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.